‘டக்’ என்ற ஓசையோடு டிராக்டர் ஏன் நின்றுவிடுகிறது?

வராக நதி நீர் பாயும் ஜெயமங்கலத்து வயல்களில் உழவுப் பருவத்தில், சாவியைத் திருகியதும் உறுமி எழவேண்டிய டிராக்டர் ‘டக்’ என்று ஒரேயொரு ஓசை எழுப்பி மௌனமாகிவிடுமானால், ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொல்லி உடனே புதுப் பாட்டரிக்குப் பணம் தேடுவது பலரது வழக்கம். அது அவசரம் என்பதே என் அபிப்பிராயம்.

முகப்பு விளக்கு பிரகாசமாக எரிகையில் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் சுழலாதிருப்பது ஏன்? விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே கணத்தில் கேட்பது. பாட்டரி முனையில் பூத்த உப்பினாலோ தளர்ந்த இணைப்பினாலோ மின்பாதையில் 0.02 ஓம் தடை நேர்ந்தாலும், 200 ஆம்பியர் பாயும்போது 4 வோல்ட் அங்கேயே உஷ்ணமாகி விரயமாகும். 5 ஆம்பியர் கொள்ளும் விளக்குக்கு அந்த நஷ்டம் 0.1 வோல்ட்தான்.

‘டக்’ என்பது, மோட்டாருக்கு மின்னிணைப்புத் தரும் சொலினாய்டு என்னும் மின்காந்தம் தன் இரும்புத் தண்டை இழுக்கும் ஓசை. அது ‘டக்டக்’ என்று தொடர்ந்தால், இணைப்பு மூடியவுடன் மின்னழுத்தம் வீழ்ந்து, காந்தம் பிடி தளர்ந்து, மீண்டும் இழுக்கிறது என்று பொருள். அப்போது பாட்டரியையே முதலில் சந்தேகிக்கலாம்.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை மோட்டாரின் முனையிலும் வைத்துச் சாவியைத் திருகுகையில், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் இடைவழியில்தான். எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலும் இவ்வாறே அளக்கவேண்டும். அவ்விரண்டையும் இணைக்கும் எர்த் வயரை யாரும் நினைப்பதேயில்லை.