பதினேழில் ஆறு

அக்கா மகனும் அவன் கூட்டாளியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு கொல்கத்தா கிளம்புகிறார்கள். கையில் மூன்று நாள். பட்டியலில் பதினேழு இடம். டீக்கடை பெஞ்சில் பட்டியலை விரித்து, “மாமா, இதுல எதை விடலாம்?” என்றான்.

“இடத்தை அப்புறம் பார்ப்போம் மாப்ளே. முதல்ல அந்த ஊர் எப்படிப் படுத்திருக்குன்னு பாரு” என்று, சிந்திய டீயில் விரலைத் தோய்த்து மேசையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன்.

கோடுதான் ஹூக்ளி ஆறு. கங்கையின் கிளை, வடக்கிலிருந்து தெற்கே போகிறது. அதன் கிழக்குக் கரையில் கொல்கத்தா. ஊருக்கும் கிழக்கே சதுப்பு நிலம். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் சேறு என்றால் ஊர் எப்படி வளரும்? ஆற்றை ஒட்டி நீளவாக்கில்தான். சுதானுட்டி, கலிகாட்டா, கோவிந்தபூர் என்று கரையோரம் வரிசையாக இருந்த மூன்று கிராமங்கள் சேர்ந்துதான் இந்த நகரமே உண்டானது. 1984-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ இங்கே ஓடத் தொடங்கியபோது அந்தத் தடமும் வடக்கு தெற்காகவே அமைந்தது. அந்தப் போக்கிலேயே போனால் ஊர் சுலபம். பட்டியல் வரிசைப்படி போனால் அலைச்சல்.

அலைந்தவன் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நானும் என் நண்பனும் காலையில் தெற்கே விக்டோரியா நினைவகம், பிறகு வடக்கே குமார்துலி, மறுபடி தெற்கே காளிகாட் என்று போனோம். பாதிப் பகல் பஸ்ஸிலேயே போயிற்று. மூன்று மணிக்கு நடுத்தெருவில் நின்று இருவரும் சண்டை போட்டோம். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். குணத்தால் வந்த சண்டை இல்லை அது. பசி, வெயில், தோளில் பை.

ஆகவே முதலில் பையை இறக்க வேண்டும். ரயில் நிலையத்து கிளோக் ரூமில் வைக்கலாம். ரயில் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பைக்குப் பூட்டும் இருக்க வேண்டும். பூட்டாத பையை வாங்கமாட்டார்கள். முதுகுப்பைக்குப் பூட்டு எதற்கு என்று நினைப்பவர்கள் அங்கேதான் திகைத்து நிற்பார்கள். பத்து ஜிப்பையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு சின்னச் சங்கிலி போதும்.

அடுத்தது, ஆற்றைக் கடப்பது. ஹவுரா மெயில் உங்களை இறக்கிவிடும் ஹவுரா நிலையம் மேற்குக் கரையில், ஊர் அக்கரையில். நிலையத்துக்கு எதிரேயே படகுத்துறை. டாக்சிக்காரரோடு பேரம் பேசாமல் படகில் ஏறுங்கள். 1943-இல் திறந்த ஹவுரா பாலத்தை ஆற்று நடுவிலிருந்து பார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். முன்பு அங்கே இருந்தது மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் திறந்துவிட வேண்டும். சனம் கரையில் காத்துக்கிடக்கும். அந்தத் தொல்லைக்கு முடிவாகத்தான், தண்ணீருக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், இரு கரையிலும் காலூன்றி நடுவானில் கைகோத்தது போல இதைக் கட்டினார்கள். நட்டு, போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவெட். திரும்பும்போது மெட்ரோவில் வாருங்கள். 2024 முதல் அது அதே ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும்.

இனி நாளுக்கு ஒரு துண்டு. முதல் நாள் வடக்கு. விடிகாலையில் பாலத்தடியில் மல்லிக் படித்துறைப் பூச்சந்தை. அங்கிருந்து குமார்துலி. மூங்கிலும் வைக்கோலும் கட்டி, மேலே களிமண் பூசி, சந்து முழுக்கத் துர்க்கையை நிறுத்தியிருப்பார்கள். பூஜைக்கு முந்தைய மாதங்களில் போனால் கால் வைக்க இடமிருக்காது. பூஜை முடிந்ததும் அந்த மண் ஆற்றுக்கே திரும்பிவிடும். அங்கே ‘பாண்ட்’ என்னும் சின்ன மண்குவளையில் டீ கேளுங்கள். குடித்ததும் குவளையைப் போட்டு உடைத்துவிடுவது வழக்கம். சாமிக்கும் டீக்கும் அந்த ஊரில் மண்தான்.

இரண்டாம் நாள் நடுப்பகுதி. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம், அங்கேயே காபி ஹவுஸ். பிறகு மெட்ரோவில் பார்க் ஸ்ட்ரீட் போய் இறங்கினால், 1814-இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். மூன்றாம் நாள் தெற்கு. மைதானத்தைத் தாண்டி, 1921-இல் திறந்த விக்டோரியா நினைவகம், கடைசியில் காளிகாட் காளி கோயில். ஒரு எச்சரிக்கை: அருங்காட்சியகத்துக்கும் விக்டோரியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று திறக்காது. கிழமை பார்த்து நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இருவராகப் போவதால் இன்னும் மூன்று விஷயம். பொதுச் செலவுக்கு ஒரே பர்ஸ். காலையில் ஆளுக்குச் சமமாகப் போட்டுவிடுங்கள், யார் கொடுத்தது என்ற கணக்கே வராது. பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் பிரிந்துவிடுங்கள்: ஒருவன் தூங்கட்டும், ஒருவன் புத்தகக் கடையில் நிற்கட்டும். சாயங்காலம் சேரும்போது சொல்லிக்கொள்ள இருவரிடமும் ஏதாவது இருக்கும்.

அவன் பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மிஞ்சியது பூச்சந்தை, குமார்துலி, காலேஜ் ஸ்ட்ரீட், அருங்காட்சியகம், விக்டோரியா, காளிகாட்.

“ஆறுதான் இருக்கு மாமா” என்றான்.

கொல்கத்தாவுக்கு ஆறு போதும்.