பாறை நிலமும் எர்த் கம்பியும்

செஞ்சிக்குத் தெற்கே பனமலையில், ஏரிக்கு அருகே எழுந்து நிற்கும் கற்குன்றின்மேல், பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக அக்கோயிலை அசையாமல் தாங்கி நிற்பது அதன் அடியிலுள்ள பாறையே. கோயிலுக்குத் துணை நின்ற பாறை, மின்சாரம் வைத்த வீட்டுக்கு அவ்வளவு நல்ல துணையன்று. அதன் காரணத்தையே மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. பேஸ் கம்பி வழியே வந்து, கறுப்பு நிற நியூட்ரல் வழியே திரும்புகிறது. பச்சை உறையிட்ட மூன்றாவது கம்பியே எர்த். நாள்தோறும் இதற்கு வேலை ஒன்றும் இல்லை. ஆகவே, செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பதும் இதன்மேல்தான். இஸ்திரிப் பெட்டியின் உள்ளே உறை தேய்ந்து, பேஸ் கம்பி இரும்பு உடலைத் தொடும் நாளில்தான் இதன் அருமை புலப்படும். உடலில் ஏறிய மின்சாரத்தை இக்கம்பி மண்ணுக்குள் இறக்கிவிடும். மின்னோட்டம் பெருகிப் பியூஸ் உருகும். பிளக்கின் மூன்றாவது முளை மற்ற இரண்டினும் நீண்டும் பருத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளம், எர்த் முதலில் தொட்டு இறுதியில் விலகுவதற்காக. பருமன், வேறு துளையில் நுழையாமைக்காக.

பியூஸ் இருக்கும்போது அச்சம் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. பியூஸும், இக்காலத்து எம்.சி.பி. சுவிட்சும் கம்பி தீப்பற்றாமல் காப்பவை. மனிதனைக் காப்பதற்கென்று அமைந்தவையல்ல. 60 வாட் குண்டு விளக்கு எரிய ஏறத்தாழக் கால் ஆம்பியர் போதும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்பவர் உடலின் தடை 1,000 ஓம் எனக் கொண்டால், அவர் வழியே ஓடுவதும் அவ்வளவே. 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கை விடாது. 30-ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 6 ஆம்பியர் பியூஸுக்கோ கால் ஆம்பியர் ஒரு பொருட்டன்று.

இனிப் பாறைக்கு வருவோம். எர்த்தின் தடை 5 ஓம் என்றால், 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர். பியூஸ் உடனே போய்விடும். தடை 50 ஓம் ஆனால் 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் பியூஸ் அப்படியே இருக்கும். கிரைண்டரின் உடலும் மின்சாரத்தோடு தொடுவாரை எதிர்நோக்கி இருக்கும். ஈரக் களிமண்ணில் எளிதில் கிடைக்கும் குறைந்த தடை, சரளையும் பாறையும் கலந்த வறண்ட நிலத்தில் கிடைப்பது அரிது.

வழக்கமான முறை, 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைக் குழியில் நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு, நீர் ஊற்றி வருவது. உப்பு தடையைக் குறைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாயையும் அரிக்கும். பாறை தட்டுப்பட்டுக் குழி இறங்காத இடத்தில், ஈரம் நிற்கும் மண்ணாகப் பார்த்து, சற்றுத் தொலைவானாலும் அங்கே குழாயைப் பதித்து, கம்பியால் இணைக்கலாம். இரண்டு குழாய்களை, குழாயின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் நட்டுச் சேர்ப்பது இன்னும் நன்று. பச்சைக் கம்பியைச் சன்னல் கம்பியில் சுற்றிவிட்ட வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். அங்கே பழுது நேர்ந்தால் இஸ்திரிப் பெட்டியோடு சன்னலும் ஷாக் அடிக்கும்!

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு விளக்கை எரித்துப் பார்க்கும் வழக்கம் வயர்மேன்களிடம் உண்டு. அவ்விளக்கின் தடையே 500 ஓமுக்கு மேல். அதனோடு 50 ஓம் சேர்ந்தால் ஒளி மங்குவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டெஸ்டரோ பேஸைக் காட்டுமேயன்றி எர்த்தின் தரத்தைக் காட்டாது. எர்த் மெக்கர் என்னும் கருவி கொண்டு அளப்பதே முறை. இவை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலைகள்; 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும் அதையே வற்புறுத்தின.

பாறை நிலத்தார்க்கு வேறொரு துணை ஆர்.சி.சி.பி. என்னும் சுவிட்ச். பேஸ், நியூட்ரல் இரண்டும் இதனுள் ஒரே வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்சாரம் முழுதும் திரும்பாமல் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பு துண்டிக்கப்படும். மேலே கண்ட 4.6 ஆம்பியர் இதற்கு மலைபோன்றது. ஆனால் ஒரு கை பேஸையும் மறு கை நியூட்ரலையும் பற்றினால் இதுவும் காவாது. இது இருக்கிறதென்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது: எர்த் இருந்தால் பழுது நேர்ந்த கணமே துண்டிக்கும், இல்லையேல் யாரேனும் தொடும்வரை காத்திருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த்தின் தடையை ஐப்பசி மழையில் அளந்தால் போதாது. ஏரி வற்றி மண் வெடிக்கும் சித்திரை, வைகாசியில் அளந்த கணக்கே கணக்கு.