கடனுக்கு எடுத்த சரக்கு தீயில் போனது

கடல் கடந்து தொழில் செய்தவர்கள் என்றால் நமக்கு நகரத்தார்தான் நினைவுக்கு வருவார்கள். சிங்கப்பூரைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டிய பெயர் நாராயண பிள்ளை.

1819 மே மாதம் ராஃபிள்ஸ் துரையுடன் ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் இவர். முதலில் கிடைத்தது நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தெடுக்கும் வேலை. ஊர் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. வீடு கட்டச் செங்கல் வேண்டுமே என்று தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். பினாங்குக்குக் கடிதம் எழுதிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார்.

அடுத்து கிராஸ் தெருவில் ஜவுளிக்கடை. சரக்கு முழுவதும் ஆங்கில வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்தது. 1822இல் தீப்பிடித்துக் கடை சாம்பலானது. துணி எரிந்துவிட்டது, கடன் சீட்டு எரியவில்லை. இதில் பத்தில் ஒரு பங்கு நஷ்டத்துக்கே இரவோடு இரவாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போனவர்களை நம் சங்கராபுரத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் தரவேண்டிய பாக்கி இன்னும் என் பேரேட்டில் நிற்கிறது! பிள்ளை ஊரை விட்டுப் போகவில்லை. ராஃபிள்ஸிடமே போய் நிலைமையைச் சொல்லி உதவி கேட்டார். கமர்ஷியல் சதுக்கத்தில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில், அவருக்கு மனை கிடைத்தது. அங்கே மறுபடியும் கடை கட்டி வியாபாரத்தை நிமிர்த்தினார்.

விபத்துக்கு அடுத்த ஆண்டே, 1823இல், சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலுக்கு நிலம் பெற்றார். 1827இல் மரமும் கீற்றுமாக அந்தக் கோவில் எழுந்தது.