'ஆன்கா' அளவு ஏறினால் சிறுநீரக நோய் திரும்பி விடுமா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது அதிலுள்ள எண்ணைத்தான். போன முறையை விடக் கூடியிருந்தால் வீடே கலங்குகிறது. 'நெகட்டிவ்' என்றிருந்தால், நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றுகிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் 'வாஸ்குலைட்டிஸ்' என்ற ரத்தக்குழாய் அழற்சி நோயில் இந்த இரண்டு முடிவுகளுமே தவறாகப் போகக்கூடியவை.

பெருநகரத்தில் இருப்பவர் சந்தேகம் வந்தால் மறுநாளே சிறப்பு மருத்துவரைப் பார்த்துவிடலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளிலிருந்து சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வரும் குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போய்விடும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் மலையிறங்கியே ஆக வேண்டும். ஆகவே எந்த மாற்றத்துக்கு உடனே கிளம்ப வேண்டும், எதற்குப் பதற வேண்டியதில்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது என்ன நோய்?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி சிலருக்குத் தடம் மாறி, சொந்த உடலையே தாக்குகிறது. நம் ரத்தத்தில் 'நியூட்ரோஃபில்' என்ற வெள்ளை அணுக்கள் உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் புரதங்களை எதிரியாக நினைத்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள்தான் ஏ.என்.சி.ஏ.; சுருக்கமாக 'ஆன்கா'. இவை தூண்டிவிடும் வெள்ளை அணுக்கள் மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகின்றன. நம் சிறுநீரக வடிகட்டிகள் இத்தகைய நுண்ணிய குழாய்களால் ஆனவை என்பதால் அடி அங்கே பலமாக விழுகிறது. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போய்விடலாம்.

இந்த ஆன்டிபாடியை 1982-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிறுநீரக அழற்சி கொண்ட சிலரிடம் முதலில் கண்டார்கள். 1985-ல் நெதர்லாந்து, டென்மார்க் மருத்துவர்கள் இதற்கும் வாஸ்குலைட்டிஸ் நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். இதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு: பி.ஆர்.3, எம்.பி.ஓ. இவற்றில் பி.ஆர்.3 வகை உள்ளவர்களுக்கே நோய் அதிகம் திரும்புகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் எவ்வளவு சொல்கிறது?

ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்சிமேப் போன்ற மருந்துகளால் பெரும்பாலானோருக்கு நோய் அடங்கிவிடுகிறது. ஆனால் அடங்குவது வேறு, ஒழிவது வேறு. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை நோய் திரும்புவதைச் சந்திக்கிறார்கள்.

அப்படித் திரும்பப் போவதை ஆன்கா முன்கூட்டியே காட்டுமா? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர மருத்துவர்கள் 166 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில், ஆன்கா ஏறியபோது நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 11 மடங்கு கூடியது. சிறுநீரகம் பாதிக்கப்படாதவர்களில் இந்த வித்தியாசம் 3 மடங்குக்கும் குறைவு. ஆகவே சிறுநீரக நோயாளி ஒருவருக்கு ஆன்கா ஏறினால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

அதே வேளை, எண் ஏறிய எல்லோருக்கும் நோய் திரும்புவதில்லை. சிலருக்கு அது மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வேறு சிலருக்கு நெகட்டிவ் என்று வந்த பிறகும் நோய் திரும்புகிறது. அதனால்தான் 2024-ல் வெளியான சர்வதேச சிறுநீரக சிகிச்சை வழிகாட்டுதல், ஆன்கா அளவை மட்டும் வைத்து சிகிச்சையை மாற்ற வேண்டாம் என்கிறது.

எண் ஏறும் போதெல்லாம் மருந்தைக் கூட்டினால் என்ன கெடுதல்? இம்மருந்துகள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. தேவைக்கு மேல் போனால் நிமோனியா, காசநோய் போன்ற தொற்றுகள் எளிதில் வரும். நாமாக மருந்தை நிறுத்தினாலோ நோய் திரும்பி, மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகலாம். பிரான்சில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் அடங்கிய பிறகு அசத்தியோபிரின் எடுத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கும், ரிட்டுக்சிமேப் எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும் 28 மாதங்களுக்குள் நோய் பெரிய அளவில் திரும்பியது. நோய் அடங்கிய பிறகு தொடரும் மருந்து எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஊரிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, சிறுநீர்ப் பரிசோதனை. ரத்தமும் புரதமும் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் இந்த எளிய பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். இதனுடன் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் இரண்டையும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பார்த்து வாருங்கள். 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செயல்படுவதால் இவற்றுக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. ஆன்கா ஏறியதோடு சிறுநீரில் ரத்தமும் புதிதாகத் தென்பட்டால், அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, ஆன்காவை முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் முறையும் அளவுகோலும் மாறும். சேலத்தில் வந்த 40-ஐயும் புதுச்சேரியில் வந்த 80-ஐயும் ஒப்பிட்டு 'இரண்டு மடங்காகிவிட்டது' என்று சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள்.

மூன்றாவது, அறிகுறிகள். சிறுநீர் தேயிலைத் தண்ணீர் போலக் கறுத்தாலோ நுரைத்தாலோ, காலும் முகமும் வீங்கினாலோ, மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ அது அவசர நிலை. மூட்டுவலியையும் களைப்பையும் கரும்பு, மரவள்ளிக் காட்டு வேலையின் அலுப்பு என்று நினைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அந்த மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ரமளான் நோன்பு

'இந்த வருடம் நோன்பு வைக்கலாமா?' என்பது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி. நீண்ட நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பதும் ஸ்டீராய்டு வேளை தவறுவதும் இந்த நோயாளிகளுக்கு ஆபத்தாகலாம். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஆகவே ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை ஆலிமிடம் எடுத்துச் சொல்லி விளக்கம் பெறுங்கள். ஹஜ், உம்ரா செல்பவர்கள் தடுப்பூசி போடுவதற்கு முன் தங்கள் மருந்துப் பட்டியலைக் காட்ட வேண்டும். இவர்களுக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், ஆன்கா ஏறினால் அதிகக் கவனம் தேவை. இறங்கினால் நிம்மதி அடையலாம், மருந்தை நிறுத்தக் கூடாது. ஆன்கா, சிறுநீர், கிரியாட்டினின், உடல் அறிகுறி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். அந்த நான்கையும் தவறாமல் அவர் முன் கொண்டுபோய் வைப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.