மகள் வீடு மிதக்கிறது!

மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வருவது நம் வயதுக்காரர்களுக்குப் புதிதல்ல. புனே, பெங்களூரு என்று ஆரம்பித்து, இன்று நியூஜெர்சி, சிட்னி வரை போய் வருகிறோம். ஆனால் நானும் என் மனைவியும் 2024 ஏப்ரலில் போய்த் தங்கிய வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தெருவும் கிடையாது. அது 38 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள பாய்மரப் படகு. அப்போது அது நின்றிருந்த இடம் மலேசியாவின் லங்காவித் தீவு.

இளைய மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர்கள். சேமித்த பணத்தில் ஒரு பழைய படகை வாங்கி, "இரண்டு வருஷம் கடலில் இருந்துவிட்டு வருகிறோம்" என்றார்கள். என் மனைவி ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பார்க்காமல் கவலைப்படுவதைவிடப் பார்த்துவிட்டுக் கவலைப்படலாம் என்று நாக்பூரிலிருந்து கிளம்பினோம். மாப்பிள்ளையின் தாயாரும் சேர்ந்துகொண்டார். ஆக, இருவர் வாழும் படகில் விருந்தாளிகள் மூவர்!

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா அனுமதி அளித்திருந்ததால் அந்த அலைச்சல் மிச்சம்.

பெட்டி வேண்டாம், பை போதும்

கிளம்பும் முன்பே மகளிடமிருந்து ஒரு நீண்ட பட்டியல் வந்தது. சூட்கேஸ் கூடாது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பைதான் வேண்டும், ஏனெனில் காலிப் பெட்டியை வைக்கப் படகில் இடமில்லை. செருப்பு படகுக்குள் வரக்கூடாது. இதைப் படித்ததும் சம்பந்தியம்மாள், "இது நம்ம வீட்டு வழக்கம்தானே!" என்று மகிழ்ந்து போனார்.

நடக்கும்போது ஒரு கை உங்களுக்கு, ஒரு கை படகுக்கு. அதாவது எப்போதும் எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கழிப்பறையில் கைப்பம்பை அடித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். வாய் வழியாக உள்ளே போனதைத் தவிர வேறு எதையும், காகிதத்தைக்கூட, அதில் போடக்கூடாது. அடைத்துக்கொண்டால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியவர் மாப்பிள்ளை. எந்த மாமனார் அந்த நிலைமையை உண்டாக்குவார்? மூவரும் மிக ஒழுங்காக நடந்துகொண்டோம்.

தண்ணீரும் மின்சாரமும்

படகின் தொட்டியில் 400 லிட்டர் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று மகள் ஒதுக்கியிருந்தாள். ஐந்து பேருக்கு 75 லிட்டர், ஐந்து நாளில் தொட்டி காலி. வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்தால் ஷவரைத் திறந்துவிட்டு நிற்பார்களாம். நம் சொம்புக் குளியலுக்கு ஆறு லிட்டர் போதும் என்று சம்பந்தியம்மாள் நிரூபித்துக் காட்டினார்.

மின்சாரக் கதையும் இதுதான். சூரியத் தகடுகளிலிருந்து 12 வோல்ட் பாட்டரிக்கு வருவதுதான் வரவு. நம் 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டர் மூலம் ஓட்டினால் பாட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 70 ஆம்பியர் இழுக்கும். எனவே சட்னி அரைப்பது உச்சி வெயில் நேரத்தில் மட்டும். மாறாக, பிரஷர் குக்கருக்குப் படகில் ராஜ மரியாதை. எரிவாயு மிச்சம், படகு ஆடினாலும் மூடி கழன்று சாம்பார் கொட்டாது.

எரிவாயு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாகவாவது வெளியேறும். படகிலோ அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். பிறகு ஒரு பொறி போதும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டர் வால்வை மூடியாயிற்றா என்று மகள் கேட்பாள். முதல் இரண்டு நாள், "நாற்பது வருஷம் சமைச்ச எனக்கே பாடமா?" என்று என் மனைவிக்குச் சுருக்கென்றிருந்தது. காரணம் தெரிந்த பிறகு, மகள் கேட்கும் முன்பே பதில் சொல்லத் தொடங்கினாள்.

நான் ஒட்டிய டைம்டேபிள்

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நேர அட்டவணை இல்லாமல் எனக்குக் காப்பி இறங்காது. போன மறுநாளே ஒரு தாளில் கோடு போட்டு, எந்த நாள் எந்தத் தீவு என்று எழுதி, சமையல் மேடைக்கு மேல் ஒட்டிவிட்டேன். கடைசி வரி: "வியாழன், பினாங்குக்குப் புறப்பாடு." திரும்பும் விமானம் பினாங்கிலிருந்து ஞாயிறு காலை.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "மாமா, படகுக்காரங்க ஒண்ணு சொல்லுவாங்க. விருந்தாளி இடத்தைக் கேட்கலாம், இல்லே தேதியைக் கேட்கலாம். ரெண்டையும் சேர்த்துக் கேட்கக்கூடாது" என்றார். நானும் சிரித்தேன். தாளைக் கிழிக்கவில்லை.

பினாங்குப் பயணத்தில் எனக்குத் தனி ஆசை இருந்தது. லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். கெடாதான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கரை. அங்கே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை நிற்கிறது. கடலில் வந்த பழங்காலக் கப்பல்களுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. "அந்த மலையைக் கடலிலிருந்து பார்க்கணும்" என்று தினம் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாளும், "எம் பையன் ஓட்டற படகுல பினாங்கு போறேன்" என்று ஊரில் எல்லாரிடமும் போனில் சொல்லிவிட்டார்.

வியாழன் விடியற்காலை இடி, காற்று, மழை. வெள்ளியும் அப்படியே. அந்தக் கடலில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா தீவுப் பக்கத்திலிருந்து திடீர்க் காற்று கிளம்பும். அதற்குப் பெயரே "சுமத்ரா"தான். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், விடியும் முன் வரும். 40 நாட், அதாவது மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேல் போகக்கூடும். பினாங்கோ 60 கடல் மைல் தூரம். படகின் வேகம் 5 நாட். பன்னிரண்டு மணி நேரப் பயணம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டுமென்றால் அதிகாலை மூன்று மணிக்கு, அந்தக் காற்று வரும் நேரத்திலேயே, இருட்டில் மீன்வலைகளுக்கு நடுவே கிளம்ப வேண்டும்.

சிவப்பு விளக்கு

வெள்ளி இரவு பதினொரு மணி. குவா துறையில் நங்கூரமிட்டிருந்தோம். தூக்கம் வராமல் படுத்திருந்தேன். மேல்தட்டில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"நாம ரெண்டு பேர் மட்டும்னா நீ கிளம்புவியா?" இது மகள்.

சிறிது நேரம் பதிலில்லை. பிறகு மாப்பிள்ளை, "கிளம்ப மாட்டேன். ஆனா அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. மாமா எவ்வளவு ஆசையா இருக்கார்! எப்படி இல்லேன்னு சொல்றது?"

எனக்குச் சுரீர் என்றது. தனக்காகச் செய்யாத ஒன்றை எங்களுக்காகச் செய்யத் துணிகிறார். காரணம், நான் ஒட்டிய தாள்.

சிக்னல் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போக வேண்டும். சந்தேகம் என்றால் சிவப்பு. பழைய கைகாட்டிக் கம்பத்தில் எடைக்கல் இருந்தது அதற்காகத்தான். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல், யார் அவசரப்பட்டாலும் வண்டியை விடமாட்டோம். அதையே சோறாக உண்டு வாழ்ந்த நான், இங்கே வந்து மாப்பிள்ளைக்குச் சிவப்பைக் காட்ட முடியாதபடி செய்துவிட்டேன்.

எழுந்து போய்த் தாளைக் கிழித்தேன். மேலே ஏறினேன்.

"மாப்பிள்ளை, நாளைக்கு நாங்க ஃபெர்ரியில போறோம். ராத்திரி நல்லாத் தூங்குங்க."

"மாமா, உங்களுக்கு அந்த மலை..."

"மலை எங்கேயும் போகாது."

மகள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு பெருங்காற்று வந்து, நான் சொன்னது பலித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. விடியும்போது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருந்தது. "போயிருக்கலாம் போலிருக்கே மாமா" என்றார் மாப்பிள்ளை. "சிவப்புல நின்ன வண்டிக்கு எதிர்ல எந்த வண்டியும் வரலைன்னா, நின்னது தப்புன்னு ஆயிடுமா?" என்றேன். சம்பந்தியம்மாளுக்கு முகம் சற்று வாடியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மகனை ஒரு பார்வை பார்த்தார். "எனக்காகவாடா? மலையை எங்கேர்ந்து பார்த்தாலும் மலைதான்" என்றார்.

குவாவில் பெரிய கழுகுச் சிலைக்கு அருகே படகுத்துறை. அங்கிருந்து ஃபெர்ரியில் சுமார் ஒன்றே முக்கால் மணியில் குவாலா கெடா. டாக்சியில் அலோர் ஸ்டார். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில். மீட்டர் கேஜ் இரட்டைப் பாதையில், 25 கிலோவோல்ட் கம்பியின் கீழ், குலுங்காமல் ஓடுகிறது. நம் மீட்டர் கேஜ் வண்டிகளை நினைத்துக்கொண்டு கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். வலது பக்க ஜன்னலில் மேகத்தைத் தலையில் சுமந்தபடி ஜெராய் மலை வந்தது. மூவரும் கைகூப்பினோம்.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள் திரும்பிப் போகக் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் இந்தக் கரைகளில் காத்திருந்தார்கள். அவர்களிடம் ஞாயிறு காலை விமான டிக்கெட் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போகிறவர்களுக்கு

உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் படகு வாங்கலாம். வாங்காவிட்டாலும், சின்ன ஃபிளாட்டில், லீவு கிடைக்காத வேலையில் இருந்துகொண்டு உங்களை வரவேற்கலாம். விருந்தினரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்றே அவர்களை வளர்த்திருக்கிறோம். நம்மிடம் அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே அவர்கள் சொல்ல வேண்டிய இல்லையை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். படகுக்குப் போவதானால் வந்த இடத்திலிருந்தே திரும்ப டிக்கெட் எடுங்கள். கடைசி இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள். இஞ்சி மரப்பா கொண்டுபோங்கள். தலை சுற்றினால் வெளியே உட்கார்ந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள்.

டைம்டேபிள் தாளை மட்டும் நாக்பூரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.