உலோகங்காட்டும் கருவியும் புதையல் சட்டமும்

ஏர்முனையில் செப்புக் குடம் தட்டுப்பட்டது, கிணறு வெட்டுகையில் காசுப் பானை கிடைத்தது என்னும் செய்திகள் நம் கிராமங்களுக்குப் புதியன அல்ல. மண்ணுள் கிடக்கும் உலோகத்தை மேலிருந்தபடியே அறிவிக்கும் கருவிகளும் இன்று கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே, "இக்கருவியைக் கொண்டு புதையல் தேடலாமா? கிடைத்த பொருள் யாருக்கு உரியது?" என்னும் வினாக்கள் எழுதல் இயல்பே. இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் மிகுந்துள்ள இங்கிலாந்தில் அவர்கள் எவ்விதிகளுக்கு உட்பட்டு நடக்கின்றனர், நம் நாட்டுச் சட்டம் யாது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளும்பொருட்டு ஈண்டுச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

கருவியின் வரலாறு

1881-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். அவர் உடலில் தங்கிய குண்டு இருக்குமிடத்தைக் கண்டறியும்பொருட்டு, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியை அமைத்தார். அம்முயற்சி கைகூடவில்லை. கட்டிலில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் அதற்கு ஒரு காரணம் என்பர். இரண்டாம் உலகப் போரின்போது, போலந்து நாட்டுப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி என்பார் நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகளைக் காட்டும் கருவியை உருவாக்கினார். 1942-இல் எல் அலமைன் போர்க்களத்தில் அது பெரிதும் பயன்பட்டது. போர் முடிந்தபின் படையினருக்கு மிஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. பின்னர் எடை குறைந்த கருவிகள் மலிவாகச் செய்யப்பட்டதும் புதையல் தேடுதல் ஒரு பொழுதுபோக்காகப் பரவியது.

இயங்கும் முறை

கருவியின் அடியில் தட்டுப் போன்ற பகுதியில் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மின்கலத்தின் துணையால் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் தட்டைச் சுற்றிலும் இடைவிடாது மாறும் காந்தப் புலம் தோன்றி மண்ணுள்ளும் செல்கிறது. அங்கே உலோகத் துண்டு ஒன்று கிடப்பின், அத்துண்டிலும் சிறு மின்னோட்டம் எழும். நீரில் தோன்றும் சுழிகளைப் போன்றமையால் இதனைச் சுழல் மின்னோட்டம் என்பர். இது தனக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, மற்றொரு சுருள் அதனை உணர்ந்து காதில் ஒலியாக அறிவிக்கிறது. இரும்பு ஒருவகையாகவும், செம்பும் வெள்ளியும் வேறுவகையாகவும் மறுமொழி தருவதால், கிடப்பது எவ்வகை உலோகம் என ஓரளவு ஊகிக்கலாம்.

ஆயின், இதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு. சாதாரணக் கருவி ஒரு தனிக் காசை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையே காட்டும். பெரிய பாத்திரமாயின் இன்னும் சற்று ஆழத்தில் கிடந்தாலும் தெரியும். மண்பாண்டம், மரம், எலும்பு, செங்கற்சுவர் ஆகியவற்றை இக்கருவி அறியாது. சிறு பொன் துண்டும் அலுமினியத் தகடும் பெரும்பாலும் ஒரே ஒலியையே தரும். இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் ஒன்றும் இல்லாதபோதே ஒலிப்பதும் உண்டு.

"ஒரு மைல் தொலைவிலுள்ள பொன்னைக் காட்டும்" என்று கூறி விற்கப்படும் கைக்கோல் போன்ற பொருள்களை நம்பி ஏமாறுதல் கூடாது. இவ்வகை ஏமாற்று எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. உள்ளே ஒன்றுமில்லாத போலிக் கருவிகளை வெடிகுண்டு காட்டும் கருவிகள் எனச் சொல்லி ஈராக் முதலிய நாடுகளுக்குப் பெரும் விலைக்கு விற்ற பிரிட்டிஷ் வணிகர் ஒருவருக்கு 2013-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை நம்பிக் காவற்சாவடிகளில் நின்றோர் பட்ட துன்பத்தை விலையால் அளத்தல் இயலாது.

காணாமற்போன சுத்தியல்

இங்கிலாந்தில் சபோக் என்னும் வட்டாரத்தில் ஹாக்ஸ்ன் என்றொரு சிற்றூர் உள்ளது. 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவ்வூர்க் குத்தகை விவசாயி பீட்டர் வாட்லிங் தம் வயலில் ஒரு சுத்தியலைத் தவறவிட்டார். அதனைத் தேடித் தருமாறு தம் நண்பர் எரிக் லாஸ் என்பவரை அழைத்தார். லாஸ் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலோகங்காட்டும் கருவியைப் பொழுதுபோக்காகக் கையாண்டு வந்தவர். சுத்தியலைத் தேடிய கருவி வெள்ளிக் கரண்டிகளையும் பொன்னணிகளையும் காசுகளையும் காட்டிற்று.

இங்குதான் அவ்விருவரும் செய்த செயல் போற்றுதற்குரியது. முழுவதையும் தோண்டி எடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அவர்கள் அகழ்வை நிறுத்தினர். நிலத்துக்கு உரிய வட்டார ஆட்சி மன்றத்துக்கும் போலீசாருக்கும் செய்தி அனுப்பினர். மறுநாளே தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகளும், வெள்ளிப் பாத்திரங்களும் பொன்னணிகளுமாக 200 அளவான பொருள்களும் வெளிப்பட்டன. அவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் உரோமர் ஆட்சி குலைந்த காலத்தில், புதைக்கப்பட்டவை.

லாஸ் அனைத்தையும் தாமே வாரி எடுத்திருப்பின், பொன்னும் வெள்ளியும் மட்டுமே எஞ்சியிருக்கும். பொறுமையுடன் அகழ்ந்தமையால், அவை ஒரு மரப்பெட்டியுள் சிறு பெட்டிகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன என்பதும், வைக்கோல் இட்டுப் பொதியப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தன. தம் செல்வத்தைக் காக்க எண்ணிய ஒரு குடும்பத்தின் கவலையை அவ்வடுக்கு நமக்குச் சொல்கிறது. பொருளின் பெறுமதியில் பாதி அது கிடந்த கிடையில் இருக்கிறது. இடம் கலைந்தால் அப்பாதி மீளாது.

அப்புதையலில் நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன. அக்காலத்தில் உரோமர் உண்ட கருமிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் விளைந்து கடல் வழியே சென்றதாகும். அவ்வாணிகத்துக்கு ஈடாக வந்த உரோமப் பொன் நம் நாட்டு மண்ணிலும் கிடக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898-இல் கி.பி. முதல் நூற்றாண்டளவில் வழங்கிய 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தமை இதற்குச் சான்று.

ஹாக்ஸ்ன் புதையலுக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதி வழங்கப்பட்டது. அக்காலச் சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும், லாஸ் தமக்குக் கிடைத்ததை அவ்விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரத்தில் உள்ளது.

அந்நாட்டு விதிகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இக்கருவியைக் கையாளுவோர் பின்பற்றவேண்டிய முதன்மையான விதிகள் வருமாறு:

1. நிலத்துக்கு உரியவரின் இசைவு இன்றி எந்நிலத்திலும் தேடுதல் கூடாது. குத்தகைதாரர் இருப்பின் அவர் இசைவும் வேண்டும். கிடைக்கும் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதை முன்னரே எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வது நலம்.

2. அரசு காத்துவரும் பழஞ்சின்னங்கள் உள்ள இடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

3. உழுது கலைந்த மேல்மண்ணில் மட்டுமே தேடவேண்டும். அதன் கீழுள்ள கலையாத மண்ணில் பொருள் தென்பட்டால் நிறுத்திவிட்டுத் தொல்லியலாரை அழைக்கவேண்டும்.

4. தோண்டிய குழியை மூடவேண்டும். பயிருக்கும் கால்நடைக்கும் தீங்கு நேராமல் வேலிக் கதவுகளைச் சாத்திச் செல்லவேண்டும். போர்க்கால வெடிபொருள் தென்பட்டால் தொடாமல் போலீசாருக்கு அறிவிக்கவேண்டும்.

5. புதையல் என வகுக்கப்பட்ட பொருளைப் பற்றி 14 நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ கலந்ததுமான பொருளும், ஒரே இடத்தில் கிடைத்த அத்தகைய இரண்டு அல்லது மேற்பட்ட காசுகளும் புதையல் என 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வேறு சில வகைகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

காட்சிச்சாலை அப்பொருளை ஏற்றுக்கொண்டால், சந்தை விலைக்கு ஒப்பான வெகுமதி வழங்கப்படுகிறது. பெரும்பாலும் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்கு உரியவருக்குப் பாதி. 2009-இல் ஸ்டாபர்ட்ஷயர் வட்டாரத்து வயலொன்றில் கிடைத்த பொற்குவியலுக்கான 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுன் தொகை இவ்வாறே கண்டெடுத்தவருக்கும் விவசாயிக்கும் சமமாகப் பகிரப்பட்டது. புதையல் அல்லாத சிறு பொருள்களையும் மக்கள் தாமாகவே பதிவு செய்யும் திட்டம் 1997 முதல் நடைபெறுகிறது. இதுவரை 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன.

மறைத்தவர் நிலை என்ன? 2015-இல் ஹெர்போர்ட்ஷயர் வட்டாரத்தில் இருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன்னணிகளையும், ஏறத்தாழ 300 என மதிப்பிடப்பட்ட காசுகளையும் கண்டெடுத்தனர். சட்டப்படி அறிவிக்காமல் காசுகளைக் கைமாற்றினர். 2019-இல் இருவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. மீட்கப்பட்டவை 30 காசுகள் அளவே. அக்காலத்து இரு அரசர்களிடையே நிலவிய உறவைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அறியாதிருந்ததை அச்சில காசுகளே வெளிப்படுத்தின. சிதறிப்போனவை சொல்லக்கூடியது இன்னும் எவ்வளவோ!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் இது பற்றிய அடிப்படைச் சட்டம் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டமாகும். மண்ணிலோ மண்ணோடு பொருந்திய கட்டடம் முதலியவற்றிலோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள பொருள் எதுவும் புதையலே என்பது அச்சட்டத்தின் வரையறை. அதன் முக்கிய ஏற்பாடுகள் இவை:

கண்டெடுத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், பொருளின் தன்மை, ஏறத்தாழ மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த தேதி ஆகியவற்றை எழுத்து மூலம் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவேண்டும். அல்லது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாகப் பிணை கொடுக்கவேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருவோரை விசாரிப்பார். பொருளுக்கு உடையவர் எவரும் இல்லையென முடிவானபின், நிலத்துக்கு உரியவர் எவரும் உரிமை கோராவிடின் கண்டெடுத்தவருக்கே அது முழுவதும் சேரும். நிலத்துக்கு உரியவர் வேறொருவராக இருந்து, அவர்களிடையே வேறு உடன்படிக்கையும் இல்லையாயின், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் உரியன. அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள உலோகம் முதலியவற்றின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும்.

அறிவிக்கத் தவறியவரின் பங்கு அரசைச் சேரும். அன்றியும் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அக்குற்றத்துக்கு உடந்தையான நிலச் சொந்தக்காரருக்கும் தண்டனை உண்டு.

இதனுடன் மூன்று செய்திகளை நினைவிற்கொள்க. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் நம் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாக்கும் தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுதல் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை முதலியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை உண்டு. கருவியை விலைக்கு வாங்கியமையால் மட்டும் பிறர் நிலத்திலோ புறம்போக்கிலோ தோண்டும் உரிமை எவருக்கும் வந்துவிடாது.

நாம் செய்யவேண்டுவன

நம் நாட்டில் பழம்பொருள்கள் பெரும்பாலும் கருவியால் கிடைப்பதில்லை. வீட்டுக்குக் கடைகால் தோண்டுகையிலும், ஏரி தூர்வாருகையிலும், கோயில் திருப்பணியின்போதும் அவை தாமாகவே வெளிப்படுகின்றன. விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987-இல் முதலாம் இராசேந்திர சோழன் காலச் செப்பேடுகளும் திருமேனிகளும் வெளிப்பட்டன. சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்கு மண் தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. இவற்றைக் கண்டவர்கள் பழைய செம்பென்று எடைக்குப் போட்டிருந்தால், நாடு இழந்திருக்கக் கூடியதற்கு ஈடு ஏது?

ஆகவே, இத்தகைய பொருள் தென்பட்ட அக்கணமே மண்வெட்டியையும் இயந்திரத்தையும் நிறுத்துக. பொருளைக் கழுவவோ, சுரண்டவோ, புளியிட்டுத் துலக்கவோ வேண்டா. பச்சை ஏறிய அம்மேற்பூச்சின் கீழ் எழுத்து இருக்கலாம். இயன்றவரை கிடந்த இடத்திலேயே விட்டு, குழியை மூடிக் காவல் வைக்க. எந்த ஆழத்தில், எதன் அருகில், எந்தப் பக்கமாகக் கிடந்தது என்று எழுதி வைத்துப் படமும் எடுக்க. உடைந்த பானையோடுகளையும் எறிந்துவிடவேண்டா. கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் அன்றே செய்தி அனுப்பிக் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க. கொடுத்த அறிவிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொள்க. பங்கு கோரும்போது அதுவே சான்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இச்சட்டத்தின் சாரத்தைக் கிராம சபையில் ஒருமுறை படித்துக் காட்டுதல் நன்று. "சொன்னால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும்" என்னும் அச்சமே பல பொருள்களை உலைக்கு அனுப்பியிருக்கிறது. சொன்னவருக்குப் பங்கு உண்டு, மறைத்தவருக்கே தண்டனை உண்டு என்பதை ஏழை உழவரும் கூலியாளும் தெளிவாக அறிந்தால் அவ்வச்சம் நீங்கும். தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், கண்ட செல்வத்தைக் கண்டபடியே அறிவித்த அந்த இருவரும் பொருளையும் பெற்றனர், நற்பெயரையும் பெற்றனர். நம் கிராமங்களிலும் அத்தகையோர் பெருகுவாராக!