வங்காலையில் மாரிப் பறவைகள்

வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் வட ஆசியாவின் ஊசிவால் வாத்துகள் மன்னார்க் கரையை நாடி வருகின்றன. 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனஞ் செய்யப்பெற்ற வங்காலையின் ஆழமற்ற நீர்ப்பரப்பிலே அவை பூநாரைகளோடு இரைதேடுங் காட்சி, கமரா ஏந்தியோர் உள்ளத்தைக் கவர்வது இயல்பே. ஆனால், கூட்டமாகச் சிறகு விரிக்கும் படமொன்றை விரும்பி அவற்றை வேண்டுமென்றே எழுப்புதல் தகுமா? மாரி கழிந்து வடக்கே மீள்வதற்கு, உடலிற் சேர்த்த கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அது கரைகின்றது. இரைதேடும் பொழுதுங் குறைகின்றது. ஆதலின், காலை வெயில் நம் முதுகுப்புறம் விழ, தொலைவில் அமர்ந்து, அசையாது காத்திருத்தலே இக்கலையின் முதற்பாடம். இரைதேடும் பறவை தலை நிமிர்ந்து நம்மை நோக்குமாயின், அளவு மீறி நெருங்கிவிட்டோம் என்பது பொருள். அக்கணமே பின்வாங்குதல் படமெடுப்போர் கடன்.